ரப்பர் பேண்டுக்குள் பதினாறு பக்கம்

1

மணி அடித்தது.

பித்தளை மணி. பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உள்ளே கூப்பிட வைத்திருந்தது. எர்ல் பிங்க்ரீ அதைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், டனிங்ஸ் ஃபெரி ஊரில் எப்பேர்ப்பட்டவரும் வாக்கியத்தின் நடுவிலேயே வாயை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார். வங்கி மேலாளர் இறங்கியிருக்கிறார். பாதிரியார் 'ஆண்டவரே' என்ற சொல்லின் பாதியில் இறங்கியிருக்கிறார்.

க்ளாடெட் ஊலெட் இறங்கவில்லை. விரலை வரியின் மேல் வைத்து, அடுத்த வரிக்குப் போனாள்.

எர்ல் மறுபடியும் அடித்தார்.

"கேட்டுச்சு எர்ல். என் காது நல்லாத்தான் இருக்கு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அதற்கடுத்த வரிக்குப் போனாள்.

இந்தக் கதை அந்த இடத்தில்தான் பிறந்தது. மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்: கற்பனையில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. அந்த மணிக்கு அடுத்தபடியாக மேடையேற வேண்டியவன் நான்.

[முதல் பாராவிலேயே ஒரு சத்தம் வேண்டும் என்பது என் பத்திரிகை ஆசிரியரின் இருபது வருடத்துக் கட்டளை. வைத்துவிட்டேன். இனி என் இஷ்டம்.]

2

இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "கென்னபெக் ஆறு உறைந்து கிடந்தது. அதன் மேல் ஒரு நூற்றாண்டின் அமைதி—"

நிறுத்தினேன். என்ன அமைதி? எழுதும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆற்றின் மேல் நாலு பேர் ஸ்னோமொபைலில் காது கிழிகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு: "அந்த நாவலின் பெயர்—"

இதையும் நிறுத்தினேன். அந்த நாவலின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'புத்தகம்' என்பார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து இந்தச் சிற்றூரில் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் இரண்டு குளிர்காலம் தங்கி, உறைந்த ஆற்றில் விற்பதற்காக ஐஸ் பாளம் அறுப்பதைப் பார்த்து, ஒருவர் எழுதிவிட்டுப் போன நாவல். நாடு முழுக்கப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. எழுதியவர் திரும்பி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் ஊருக்கு அதுதான் புத்தகம். மற்றதெல்லாம் வெறும் புத்தகங்கள்.

மூன்று: "1953-ல் சௌடர் திரிந்தது."

இது நல்ல தொடக்கம். ஆனால் விளக்கியாக வேண்டும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் கடைசி சனி, ஞாயிறு எங்கள் ஊர்க் கூடத்தில் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்போம். ஆளுக்குப் பத்து நிமிடம். மணி அடித்ததும் அடுத்தவர். சனிக்கிழமை காலை எட்டு முதல் இரவுச் சாப்பாடு வரை, மறுநாள் எட்டு முதல் பகல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்குக் கடைசி வரி. பன்னிரண்டு ஐந்துக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்று மீன் சௌடர் என்கிற கெட்டி சூப். ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், நிறையப் பால்.

1953-ல் யாரோ திக்கித் திக்கிப் படித்ததில் நேரம் போய்விட்டது. சௌடர் அடுப்பிலேயே நின்றது. பால் திரிந்தது. இருநூறு பேர் திரிந்த சௌடரைக் குடித்தார்கள். அடுத்த வருடம் விழாக்குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது: முப்பத்தோராம் அத்தியாயம் வேண்டாம். 318-ஆம் பக்கத்திலிருந்து 333 வரை. அது சும்மா கருவிப் பட்டியல்.

மேடைப் புத்தகத்தில் அந்தப் பதினாறு பக்கத்தையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டார்கள். இற்றுப் போனால் புதுசு மாற்றுவார்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஒரு செவ்வியல் நாவலை சௌடருக்காகக் கத்தரித்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். சொன்னால் கோபப்படுவார்கள். "சௌடரைக் குடிச்சுப் பாத்துட்டுப் பேசு" என்பார்கள். குடித்திருக்கிறேன். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

3

இப்போது க்ளாடெட்.

அறுபத்தொரு வயது. பள்ளிக்கூட பஸ், ஒன்பதாம் நம்பர். குட்டையான உருவம், அகலமான தோள், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு ஃப்ளாஸ்க். இருபத்திரண்டு வருடமாகக் காபி டப்பாவில் தன் பெயர்ச் சீட்டைப் போட்டு வந்தவளுக்குப் போன அக்டோபரில் முதல் தடவையாகக் குலுக்கலில் இடம் விழுந்தது. ஞாயிறு, காலை 9:20.

'நடுவுல பத்து நிமிஷம் படிக்கணும்னா முன்னாடி என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா?' என்று தோன்றியது அவளுக்கு. நூலகம் கழித்துப்போட்ட புத்தகங்களில் கிழிந்த அட்டையோடு ஒரு பிரதி எடுத்தாள். [ஊர்ப் பதிப்பு. மேடையில் இருப்பதற்கும் இதற்கும் பக்க எண் ஒன்றே.] கூடைப்பந்து அணியை வெளியூருக்குக் கூட்டிப்போனால் ஆட்டம் முடிகிற வரை இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். க்ளாடெட் ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படித்தாள். மூன்று மாதம்.

அந்தப் பிரதியைப் பிறகு எனக்குக் கொடுத்தாள். ஓரங்களில் அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். இந்த நாவலைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதவில்லை.

பக். 4: 'ஆறு. ஆறு. மறுபடியும் ஆறு. சரி, ஆறு இருக்கு. ஆள் எங்கே?'

பக். 61, ஐஸ் கம்பெனி முதலாளியின் மகனான கதாநாயகன் சொற்பொழிவாற்றும் இடத்தில்: 'இவன் பேசி முடிக்கிறதுக்குள்ள ஐஸ் உருகிடும்.'

பக். 140, பாதிரியார் மகள் அழும் இடத்தில்: 'நூத்தி நாப்பது பக்கமா இந்த வீட்ல யாரும் அடுப்புப் பத்த வைக்கலை. இவங்க என்னத்தைத் தின்னுட்டு அழறாங்க?'

பக். 207: 'நல்ல பக்கம். ரெண்டு தரம் படிச்சேன். ஆட்டம் முடிஞ்சது தெரியலை. பிள்ளைங்க கண்ணாடியைத் தட்டுச்சு.'

பக். 260: 'இந்தக் கடிதம் பொய். அவளுக்கும் தெரியும், எழுதினவருக்கும் தெரியும். அப்புறம் ஏன் நான் மூக்கைச் சிந்தறேன்? எரிச்சலா இருக்கு.'

பிறகு பக். 318. அவளுடைய பிரதியில் ரப்பர் பேண்ட் கிடையாது. அதனால் அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

பக். 318: 'கருவி.' பக். 319: 'இன்னும் கருவி.' பக். 322: 'யப்பா.' பக். 325: 'இந்த ஆளு வேணும்னே பண்றார். எதுக்கோ பண்றார்.'

பக். 327: ஒன்றும் எழுதவில்லை.

[அந்தப் பக்கத்தில் ஒரு கண்ணீர்க் கறை இருந்தது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். கறை இருப்பது வாஸ்தவம். காபிக் கறை.]

4

விழாவுக்குப் பத்து நாள் முன்பு க்ளாடெட் ஊர்க் கூடத்துச் சமையலறைக்குப் போனாள். விழாக்குழுத் தலைவி வின்னி ஹாஸ்கெல் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. முப்பத்தோரு வருடமாகத் தலைவி. அதற்கு முன் அவர் மாமியார் தலைவி. பதவியும் ரப்பர் பேண்டும் ஒன்றாகத்தான் கைமாறின. புத்தகத்தின் முதல் வாக்கியத்தை வின்னி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற அழகைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

[ஆங்கிலத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால்தான் அழைத்துக்கொண்டார்கள். வின்னிக்கு 'நீ'யும் க்ளாடெட்டுக்கு 'நீங்க'வும் கொடுத்தது நான். அந்தச் சமையலறையில் நின்றிருந்தால் நீங்களும் அப்படித்தான் கொடுத்திருப்பீர்கள்.]

"வின்னி, ஒரு சின்ன விஷயம். என் பத்து நிமிஷத்துல ரப்பர் பேண்ட் வருது."

"ஆமா டியர். உனக்கு முன்னாடி படிக்கிறவர் 317-ல நிறுத்துவார். நீ நேரா 334. கல்யாணம், பனிவண்டி ஊர்வலம். நல்ல எடம் உனக்கு. எல்லாரும் பொறாமைப்படுவாங்க."

"ரப்பர் பேண்டை எடுத்துட்டு 318-லேர்ந்து படிக்கலாம்னு பாக்கறேன்."

வின்னி எண்ணுவதை நிறுத்தவில்லை. "பதினாலு... பதினஞ்சு... அது கருவிப் பட்டியல் டியர். எந்த ரம்பம் எத்தனை அடின்னு இருக்கும். உக்காந்திருக்கிறவங்க தூங்கிடுவாங்க."

"ஒன்பது பக்கம் அப்படித்தான். பத்தாவது பக்கத்துல—"

"நாப்பது நிமிஷம் கூடும். பன்னெண்டுக்கு முடியாது. சௌடர் அடுப்புலயே நிக்கும். அம்பத்து மூணுல என்ன ஆச்சு தெரியுமா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா போன வாரம் நடந்த மாதிரி எல்லாரும் சொல்லியிருக்காங்க."

பத்தாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வின்னி கேட்கவில்லை. க்ளாடெட் காத்திருந்து பார்த்தாள். கேட்கவேயில்லை.

"இந்தப் புத்தகத்தை நான் முப்பத்தோரு தடவை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேட்டிருக்கேன்" என்றார் வின்னி. "எந்த எடத்துல யார் மூக்கைச் சிந்துவாங்கன்னுகூடத் தெரியும். நீ எனக்குப் புத்தகத்தைப் பத்திச் சொல்ல வந்திருக்கே?"

"சொல்ல வரலை. பத்து நிமிஷம் கேக்க வந்தேன். ஏற்கெனவே எனக்கு விழுந்த பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல அதை முடிக்க முடியாது."

"ஆரம்பிக்கலாம்ல?"

வின்னி கடைசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஆரம்பிச்சேன்னா, அடுத்த வருஷம் உன் சீட்டு டப்பாவுல விழாது. அதுக்கடுத்த வருஷமும் விழாது. நான் இருக்கிற வரைக்கும் விழாது. யோசிச்சுக்க."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். க்ளாடெட் யோசித்தாள். எவ்வளவு நேரம் என்றால், கோட்டு ஸிப்பை மேலே இழுக்கிற நேரம்.

"சரி வின்னி. ஆரம்பிக்கிறேன்."

5

இங்கே கதை நின்றுவிட்டது. எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

ஒரு பஸ் டிரைவர் ஒரு நாவலின் போரடிக்கும் அத்தியாயத்துக்காக ஊரைப் பகைத்துக்கொள்கிறாள் என்றால் வாசகர் நம்ப வேண்டாமா? எனவே அவளுக்கு ஓர் அண்ணன் கொடுத்தேன். காகித ஆலையில் வேலை பார்த்தவன். பெயர் ரொசேர். இயந்திரத்தில் கை மாட்டி, அன்றைக்கு மாலை ஷிஃப்டு சங்கு வழக்கம்போல ஊதி— நன்றாகத்தான் வந்தது. இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து, பெட்ரோல் பங்க் காபிக் கடையில் அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன்.

"யாரு ரொசேர்?" என்றாள்.

"உங்க அண்ணன். கதையில."

"எனக்கு அண்ணனே கெடையாது. மூணு அக்கா. மூணும் கல்லு மாதிரி இருக்குதுங்க. ஒண்ணு என் வீட்லயே இருந்துக்கிட்டு ரிமோட்டைத் தர மாட்டேங்குது. அதை வேணா கொன்னுக்க."

"இல்ல க்ளாடெட், ஒரு காரணம் வேணும். சரி, இப்படி வெச்சுக்கலாம். அந்த அத்தியாயத்துல வர்ற ஆளு ஒரு பிரெஞ்சுக்காரன். உங்க பேரும் பிரெஞ்சுப் பேரு. அவன் உங்க கொள்ளுத் தாத்தாவா—"

"எங்க தாத்தா கியூபெக்லேர்ந்து வந்ததே 1926-ல. அதுவும் துணி மில்லுக்கு. ஐஸ் வேலை எல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சு. அந்த ஆளு எனக்கு யாருமில்ல."

"அப்புறம் ஏன் அந்த அத்தியாயத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டினீங்க?"

"நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

காபியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணியும். "இங்க பாரு ரைட்டர். காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க ஒரு அத்தியாயம் நல்லாருக்குன்னா, 'உங்க வீட்ல யாராவது செத்துட்டாங்களா'ன்னு நீ கேப்பியா? பஸ் ஓட்டுறவளுக்கு மட்டும் ஒண்ணு புடிக்கணும்னா பின்னாடி ஒரு பொணம் இருக்கணுமா? சுற்றுலா போற பிள்ளைங்க மாதிரி நானும் வீட்டுலேர்ந்து கையெழுத்து வாங்கிட்டு வரணுமா, 'எங்க க்ளாடெட்டுக்கு இந்த அத்தியாயம் புடிக்க அனுமதிக்கிறோம்'னு?"

நான் காபியைக் கலக்கினேன்.

"மூணு மாசம் படிச்சேன். முக்காவாசி அலட்டல். ஆனா அந்த ஒரு அத்தியாயம் எழுதினப்ப அந்த மனுஷன் முழிச்சிட்டு இருந்திருக்கார். ஒன்பது பக்கம் போரடிக்கணும். அப்பத்தான் பத்தாவது பக்கம் வேலை செய்யும். அதைப் போய் ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்காங்க. எனக்கு ஆத்திரம் வந்துச்சு. அவ்வளவுதான். இது பத்தலைன்னா உன் கதையில வேற ஆளை வெச்சுக்க."

ரொசேரை அடித்துவிட்டேன். இரண்டு பக்கம் போயிற்று. இதைப் படிக்கிற உங்களுக்கும் 'அவளுக்கு ஏதோ ஒரு சோகம் இருக்க வேண்டும்' என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்களும் அடித்துவிடுங்கள்.

[இன்னொரு ஆசையும் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரைப் பக்கத்து ஐஸ் மரத்தூளில் பொதிந்து கப்பலேறி மெட்ராஸ் வரை வந்தது. ஐஸ் ஹவுஸ் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியும். பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னால் க்ளாடெட்டைக் கொண்டுபோய்த் திருவல்லிக்கேணியில் இறக்கச் சொல்வார். மாட்டேன். அவள் மேடைக்குப் போக வேண்டும்.]

6

ஞாயிறு, காலை 9:20.

கூடத்தில் நூற்றுப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஸ்வெட்டர்கள், பின்னல் ஊசிகள், காகிதக் கோப்பையில் காபி. சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை. முன்னால் படித்தவர் 317-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் நிறுத்திவிட்டுப் போனார். க்ளாடெட் பஸ் ஓட்டும் அதே நீலக் கோட்டில் ஏறினாள்.

ரப்பர் பேண்டை இழுத்தாள். அதன் கீழே காகிதத்தில் பழுப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது, மோதிரத்தைக் கழற்றிய விரலில் இருக்குமே, அப்படி. ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"பக்கம் முன்னூத்திப் பதினெட்டு" என்றாள்.

பின்னல் ஊசிகள் நின்றன.

அவளுக்கு மேடைக் குரல் கிடையாது. 'பின்னாடி சீட்டு, உக்காருங்க' என்று கத்திப் பழகிய குரல். அந்தக் குரலில் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. பனியைச் சுரண்டும் பலகை, இரண்டு குதிரை இழுப்பது. ஐஸில் கோடு கீறும் கலப்பை, பல் எட்டு. ஐந்தடி ரம்பம், கைப்பிடி குறுக்கே. இடுக்கி. பன்னிரண்டடிக் கொக்கிக் கழி, மிதக்கும் பாளத்தைத் தள்ள, எண்ணிக்கை நாற்பது. குதிரைக்குக் கூர் ஆணி அடித்த லாடம். குதிரையின் கழுத்தில் சுருக்குக் கயிறு, ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்று. ஐஸ் உடைந்து விழுந்தால் உடனே பிடித்து இழுக்க.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். க்ளாடெட் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த கருவியைப் படித்தாள்.

321-ஆம் பக்கத்தின் நடுவில் மணி அடித்தது. அவள் நிற்கவில்லை. இரண்டாம் தடவை அடித்தது. காது நன்றாக இருப்பதாகச் சொன்னாள். இதுவரை உங்களுக்குத் தெரியும்.

வின்னி சமையலறையிலிருந்து வந்தார். கையில் கரண்டி.

"எர்ல், அடி."

"ரெண்டு தரம் அடிச்சிட்டேன் வின்னி. நான் மணி அடிக்கிறவன். ஆளை அடிக்கிறவன் இல்ல."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வின்னி சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே வந்து நின்றார். "க்ளாடெட் டியர். உன் நேரம் முடிஞ்சிருச்சு. சௌடர் திரியும்."

"திரியட்டும் வின்னி. எழுபது வருஷமாத் திரியாத சௌடர்தானே குடிச்சோம்?"

"விதின்னு ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம். பாதிரியாருக்கும் அதான், உனக்கும் அதான்."

க்ளாடெட் நிறுத்தினாள். அந்த விதி அவளுக்கும் சரி என்று பட்டது போலிருந்தது. பஸ் ஓட்டுகிறவள், நேரம் தெரிந்தவள். விரலால் வரியைக் குறித்துக்கொண்டு மைக்கை விட்டு விலகினாள். கூடம் மூச்சு விட்டது.

அவள் இறங்கவில்லை. மேடை ஓரத்தில் கிடந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து தன் கிழிந்த பிரதியை எடுத்து, 321-ஐத் திறந்தாள்.

"மைக்கு உங்களுது, மணி உங்களுது. வாயி என்னுது" என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து மைக் இல்லாமல் படிக்க ஆரம்பித்தாள். மைக் இல்லாமல் நாற்பது பிள்ளைகளை உட்காரவைக்கிற குரல் அது.

வின்னி என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், உங்க முறை. 334-ல ஆரம்பிங்க. கல்யாணம்."

7

நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம். யாருடைய வேலியிலும் கை வைத்ததில்லை. நல்ல மனிதர், அமைதியானவர் என்று பெயர். மேடைக்கு ஏழு படி. ஏறிப் புத்தகத்தின் முன் நின்றேன். வலது பக்கம், நாற்காலியில் க்ளாடெட், நிமிர்ந்து பார்க்காமல் படித்துக்கொண்டிருந்தாள். கீழே வின்னி, கரண்டியோடு. புத்தகம் 321-இல் திறந்திருந்தது. 334 பதின்மூன்று பக்கம் தள்ளி இருந்தது.

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது: நான் 334-ஐப் புரட்டினேன். மைக்கில் பனிவண்டிகள், சலங்கைகள், மணப்பெண்ணின் கம்பளிக் கையுறை. மைக் இல்லாமல் ரம்பம், இடுக்கி, கயிறு. இரண்டு குரலும் ஒரே நேரத்தில். கல்யாணக் குதிரைகளும் ஐஸ் குதிரைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஓடின. என் குரல் பெரியதாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தலையாக நாற்காலிப் பக்கம் திரும்புவதை நானே பார்த்தேன். பார்த்துக்கொண்டே படித்தேன், ஏனென்றால் என்னிடம் சொன்னது அதுதான்.

இரண்டாவது: நான் பக்கத்தைப் புரட்டவில்லை. அவள் வரியைக் காதால் பிடித்து, அவளோடு சேர்ந்து மைக்கில் படித்தேன். என் உச்சரிப்பும் அவள் உச்சரிப்பும். [நான் கதாநாயகனாகத் தெரிகிற முடிவு. அதனாலேயே சந்தேகத்துக்குரியது.]

மூன்றாவது: நான் ஒன்றும் படிக்கவில்லை. மைக்கின் கழுத்தைப் பிடித்து நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டு, பத்து நிமிடம் சும்மா நின்றேன்.

இதில் எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் போனில் கெஞ்சிப் பார்த்தார், "வாசகர்கள் திட்டுவாங்க சார்" என்றார். திட்டட்டும். சொன்னால் இது என்னுடைய கதையாகிவிடும். ஒன்று, என்னைப் பாராட்டுவீர்கள். அல்லது என்மேல் பரிதாபப்படுவீர்கள். இரண்டுக்கும் நான் ஆளில்லை. மேடையில் நான் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஏழு படி ஏறியாயிற்று. புத்தகம் திறந்திருக்கிறது. கீழே கரண்டி. நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் இனி வருவது மாறாது. நானோ நீங்களோ இல்லாமலும் அவள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள்.

8

பக்கம் 327.

அவள் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. கருவிகளைப் படித்த அதே குரலில் படித்தாள். எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

பகல் மூன்று மணிக்கு ஐஸ் உடைகிறது. ஒரு குதிரையும், கையில் கொக்கிக் கழியோடு அதை ஓட்டிய புது ஆளும் உள்ளே போகிறார்கள். குதிரைக்குப் பெயர் இருக்கிறது, ப்ரின்ஸ். ஆள் வெறும் 'பிரெஞ்சுக்காரன்'. ஆறு பேர் ஓடிவந்து கழுத்துக் கயிற்றைப் பிடிக்கிறார்கள். இழுக்கிறார்கள். குதிரை மேலே வருகிறது. அதை நடக்கவிடுகிறார்கள், சாக்கால் தேய்க்கிறார்கள், கம்பளி போர்த்துகிறார்கள், விஸ்கி புகட்டுகிறார்கள். அரைப் பக்கம் குதிரைதான். அது தும்மும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். நாற்பது ஆட்களில் ஒருவராவது 'அந்த ஆள் எங்கே' என்று கேட்பார் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பக்கத்தின் கடைசி மூன்று வரி. என் மொழியில் தருகிறேன்:

'இருட்டுவதற்குள் கருவிகளைச் சரிபார்த்தார்கள். ரம்பங்கள் இருந்தன. கயிறுகள் இருந்தன. கொக்கிக் கழி முப்பத்தொன்பது.'

க்ளாடெட் புத்தகத்தை மூடவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டவும் இல்லை. மூன்றாம் வரிசையில் கொட்டாவி விட்டவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்ல் மணியின் நாக்கை இரண்டு விரலால் பிடித்திருந்தார், தவறிக்கூட ஒலித்துவிடாமல். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

வின்னி ஹாஸ்கெல் மேடையேறி வந்தார். ஒவ்வொரு படியாக. கரண்டியைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். மேடைப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளாகத் தள்ளி, 327-ஐக் கண்டுபிடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உதடு அசைய, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முழுப் பக்கமும். முதல் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி.

பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். மைக்கில் விழாத குரலில் கேட்டார்:

"க்ளாடெட்... இது நம்ம புத்தகத்துலயா இருந்துச்சு?"